கிளிக் சத்தம் கேட்டால் போதும்

கல்யாணப் பத்திரிகைகளில் 'பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டு' என்று அச்சடிப்பார்கள். எங்கள் பத்திரிகையிலும் அப்படித்தான் இருந்தது. அச்சகத்துக்காரருக்கு உண்மை தெரியாது. என் கல்யாணத்தை நிச்சயித்தது ஒரு ஹாரன். (பெரியோர்கள் அந்த நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.)

அப்போது நான் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, சுங்குவார்சத்திரத்தில் ஓர் அறையில் நண்பர்களோடு பாயையும் பற்பசையையும் பகிர்ந்துகொண்டிருந்தவன். ஒரகடத்தில், கார்களுக்கு வயரிங் செய்யும் கம்பெனியில் வேலை. வயரிங் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கார் முழுக்க நரம்பு மாதிரி ஓடும் வயர்க் கொத்தில், ஒரே ஒரு பிளாஸ்டிக் கூட்டில், ஒரே ஒரு ஓட்டையில், ஒரே ஒரு பச்சை வயரைச் சொருகுவது என் பணி. தள்ளு, கிளிக் கேள், இழுத்துப் பார். ஷிஃப்ட் முழுக்க இதுதான். அந்தப் பச்சை வயர் எங்கே போகிறது, எதை எரிய வைக்கிறது என்று நான் கேட்டதில்லை, அதுவும் சொன்னதில்லை. என் கனவில் பெய்த மழைகூட கிளிக் கிளிக் என்றுதான் பெய்தது.

அந்த வேலை எனக்கு ஒரு தத்துவத்தைக் கொடுத்திருந்தது. என் கைக்கு வரும் வயரின் முனை அதற்கான ஓட்டையைத் தவிர வேறு எதிலும் நுழையாது. அப்படித்தான் அச்சு வார்த்திருந்தார்கள். ஆகவே, உள்ளே போனால் அது சரியான இடம். கிளிக் கேட்டால் எல்லாம் சுபம்.

இந்தத் தத்துவத்தை மறுத்த ஒரே ஜீவன் தேவகி. லைன் முடியும் இடத்தில், டெஸ்ட் போர்டில் நிற்பாள். நாங்கள் கோத்து அனுப்பும் கொத்தை அவள் மாட்டிப் பார்ப்பாள். எல்லாம் ஒழுங்கென்றால் பச்சை விளக்கு, ஒன்று பிசகினாலும் சிவப்பு. பச்சை வெளிச்சம் விழுந்த முகத்தைத்தான் நான் முதலில் பார்த்தேன். சிவப்பு விழுந்தபோதும் பார்த்தேன். இரண்டும் பிடித்துப்போயிற்று. "கிளிக் கேட்டா மட்டும் போதாதுங்க, கரண்ட் போவுதான்னு பாக்கணும்" என்று அவள் சொன்னதை நான் காதல் வசனமாக எடுத்துக்கொண்டேன். (எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்கலாம்.)

அவள் வீடு சேரப்பணஞ்சேரியில். அவளுடைய அப்பா வேறொரு தொழிற்சாலையின் கேட்டில் செக்யூரிட்டி. அவர் தலைக்கு மேலே 'ஒலி எழுப்பாதீர்' என்று ஒரு பலகை. அதைப் படித்துப் படித்தே அது அவர் சுபாவமாகிவிட்டது. கேட்டில் எந்த லாரியாவது ஹாரன் அடித்தால், சத்தம் போட மாட்டார். நிதானமாக நடந்து போய் டிரைவரிடம், "இன்னாபா, உள்ள இருக்கறவங்கல்லாம் செவுடா?" என்று மெதுவாகக் கேட்பார். டிரைவர் கூசிப்போவான். தன் வண்டியின் ஹாரன் பொத்தானை அவர் தொட்டதே இல்லை என்பது அவருடைய பெருமை. ஒழுங்காக ஓட்டுகிறவனுக்கு அது எதற்கு என்பார்.

தேவகி எங்கள் விஷயத்தை வீட்டில் சொன்னபோது அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஆயுத பூஜைக்கு வரச் சொல், ஆளைப் பார்க்கலாம் என்றிருக்கிறார். ஊரில் என் அண்ணன் தலையாட்டிவிட்டான். பாக்கி இருந்தது இவருடைய ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்காக நான் சட்டையை இஸ்திரி போட்டு, அதைக் கசங்காமல் காப்பாற்ற ஷேர் ஆட்டோவில் நின்றபடியே குனிந்து பயணம் செய்து போய்ச் சேர்ந்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் பக்கத்தில் அழுக்கான வண்டியைப் பார்க்க முடியாது. வாட்டர் சர்வீஸ் கடைகளில் தேர்க் கூட்டம். சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, கம்பெனி பஸ்கள் மாப்பிள்ளைகள் மாதிரி நிற்கும். தேவகியின் அப்பாவும் தன் பழைய பைக்கைக் கழுவக் கொடுத்திருந்தார். கழுவியவர் பக்தி மிகுதியில் ஹெட்லைட்டுக்குள்ளேயே தண்ணீரைப் பீய்ச்சிவிட்டார். காலையில் வண்டி உதைத்தால் ஓடியது. ஆனால் ஒரு விளக்கும் எரியவில்லை. விளக்கு எரியாத வண்டியைப் பூஜைக்குக் கொண்டுபோவதாவது என்று அவர் வாசலில் நின்றிருந்த நேரம் பார்த்து, நான் பழத்தட்டோடு நுழைந்தேன்.

"தம்பி, நீ வயரிங் கம்பெனிதானே?" என்றார்.

இதற்கு 'ஆமாம், ஆனால் ஒரு பச்சை வயர் மட்டும்' என்பதுதான் சரியான பதில். கதவுக்குப் பின்னாலிருந்து தேவகி வேண்டாம் என்று கண்ணாலேயே சிவப்பு விளக்கைப் போட்டாள். இளம் வயதில் நான் சிவப்பு விளக்கில் நின்றதில்லை.

"ரெண்டு நிமிசம் சார்" என்றேன்.

ஹெட்லைட்டைக் கழற்றினேன். உள்ளே, அடைமழையில் நனைந்த குருவிக்கூடு. எத்தனையோ வருஷத்து வெயிலும் மண்ணும் சேர்ந்து எல்லா வயர்களையும் ஒரே நிறமாக்கியிருந்தன. சிவப்பும் மஞ்சளும் நீலமும் ஒரு காலத்தில் இருந்திருக்க வேண்டும். முதுமையில் எல்லாரும் ஒரே சாயலாகிவிடுவதுபோல ஆகிவிட்டிருந்தன. ஒவ்வொன்றையும் பிடுங்கி, என் புது வேட்டியின் முனையால் துடைத்து, வெயில் படும்படி விரித்துப் போட்டேன். எதற்கு எது ஜோடி என்று பார்த்துவைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. என்னிடம்தான் தத்துவம் இருந்ததே.

பிறகு ஒவ்வொன்றாகச் சொருகினேன். தள்ளினேன், கிளிக். இழுத்தேன், வரவில்லை. அடடா, எவ்வளவு இணக்கமான வண்டி என்று வியந்தேன். அந்தப் பழைய வண்டியில் எல்லா முனையும் ஒரே அளவு, எதை எதில் சொருகினாலும் கிளிக் என்று ஏற்றுக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. பேதமற்ற சமுதாயம். அதில் என்னைப்போல ஒருவனை விட்டால் என்ன ஆகும்?

சாவியைத் திருப்பினேன். ஹெட்லைட் எரிந்தது. இண்டிகேட்டர் கண் சிமிட்டியது. அதிர்ஷ்டம் முக்கால்வாசி என் பக்கம். பின்விளக்கைப் பார்க்க தேவகியின் அம்மாவைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் ஹாரன் பொத்தானை அழுத்தினேன். சத்தம் வரவில்லை. அதே நொடியில் அத்தை, "பின்னாடி செவப்பா நல்லா எரியுதுப்பா" என்றார். ஹாரன் நனைந்திருக்கிறது, காய்ந்தால் சரியாகும்; பிரேக் விளக்கு பிரமாதம் என்று இரண்டு தீர்ப்புகளை ஒரே மூச்சில் எழுதினேன். நான் பிரேக்கையே தொடவில்லை என்பது அந்த வாசலில் ஒருவருக்கு மட்டும் உறைத்தது. தேவகி வாயைத் திறப்பதற்குள் அவள் அப்பா வண்டியைக் கிளப்பிவிட்டார். "ஆரன் எனக்கு எதுக்கு தம்பி" என்று சிரித்தார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்த முதல் சிரிப்பு. ஊர்க் கோவில் வரை நிதானமாக உருட்டிப் போனார், பிரேக்குக்குத் தேவையே இல்லாமல். நாங்கள் பின்னால் நடந்தோம்.

கோவில் வாசலில் பைக்குகள், ஒரு டாடா ஏஸ், கம்பெனி வேன்கள் வரிசையாக நின்றன. அவர் காலை ஊன்றியே வரிசையில் நிறுத்தினார். ஐயர் கற்பூரம் காட்டினார். சாம்பிராணிப் புகை. எல்லோரும் கண்மூடி நிற்க, தூரத்தில் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல்கூட அடங்கினாற்போல ஓர் அமைதி. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தேவகியின் அப்பா வண்டியைக் கிளப்பி மெல்ல நகர்த்தினார். பழம் நசுங்கியது. பிரேக்கை மிதித்தார்.

வண்டி அலறியது.

சத்தம் கேட்டால் மனிதன் என்ன செய்வான்? பிரேக்கை இன்னும் அழுத்தி மிதிப்பான். அவர் அழுத்த அழுத்த அது அலறியது, அது அலற அலற அவர் அழுத்தினார். வாழ்நாளெல்லாம் அடக்கிவைத்த ஹாரன் மொத்தமும் அன்று வெளியே வந்தது. ஐயரின் தட்டிலிருந்து கற்பூரம் துள்ளியது. டாடா ஏஸில் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு படப்பை திசையில் போனது. கடைசியில் தேவகிதான் ஓடிப்போய் சாவியைத் திருப்பினாள்.

அந்தப் பெரும் நிசப்தத்தில் ஐயர் கேட்டார்: "யாருய்யா இத ரிப்பேர் பண்ணது?"

ஊரே என்னைப் பார்த்தது. வேட்டியில் கிரீஸ், கையில் ஸ்க்ரூ டிரைவர். தெற்கத்தி முகம், யாருக்கும் தெரியாத ஆள், கல்யாண வயதுப் பெண் இருக்கும் வீட்டில் காலங்காத்தால என்ன வேலை? கேள்வி எல்லார் முகத்திலும் ஓடுவதை தேவகியின் அப்பா பார்த்தார். கேட்டில் நின்று பழகியவர் அல்லவா, யாரை என்ன சொல்லி உள்ளே விடுவது என்று அவருக்குத் தெரியும். தொண்டையைச் செருமினார்.

"எங்க மாப்ள" என்றார்.

சாமி முன்னால் சொன்ன சொல். அவரே திடுக்கிட்டுப்போனார். வெற்றிலையும் பழமும் மாறுவதற்கு முன்னால், பொண்ணு கேட்டு யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால், நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் மேல் என் கல்யாணம் முடிவானது. நான் சாரை விட்டு மாமாவுக்கு மாறினேன். "மன்னிச்சுக்கிடுங்க மாமா, ஒரு நிமிசத்துல சரி பண்ணிருதேன்" என்று வண்டியை நெருங்கினேன்.

"கைய எடு மாப்ள" என்றார். குரல் கேட்டில் பேசும் அதே மெல்லிய குரல்.

மெக்கானிக்கிடமும் அவர் காட்டவில்லை. மாப்ள கை வைத்த வண்டியை இன்னொருவன் சரிபண்ணினால் மாப்ளைக்கு என்ன மரியாதை என்று அத்தையிடம் சொன்னாராம். இன்றுவரை அந்த வண்டி பிரேக் பிடித்தால் ஹாரன் அடிக்கிறது, ஹாரனை அழுத்தினால் பின்னால் சிவப்பு எரிகிறது. வேலையில் இருந்த காலம் முழுக்க, தொழிற்சாலை கேட்டுக்கு ரொம்ப முன்னாலேயே மாமா இஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே 'ஒலி எழுப்பாதீர்' பலகையைத் தலைகுனிந்தபடி கடந்தார். ஓய்வு பெற்ற பிறகு கூச்சம் போய்விட்டது. தெருமுனை வேகத்தடையில் அலறல் கேட்டால் அத்தை டீக்கு அடுப்பைப் பற்றவைப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள், "மாப்ள ஆரன் வருது" என்பார்கள். நான் ஊரில் இல்லாத நாளிலும்.

தேவகி என் டெஸ்ட் போர்டிலிருந்து இன்னும் இறங்கவில்லை. குழாயோ மிக்ஸியோ, நான் எதையாவது சரிபண்ணிவிட்டு நிமிர்ந்தால் இடுப்பில் கைவைத்து நிற்பாள்.

"கிளிக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்ப இருங்க, நான் பின்னாடி போய் நிக்கறேன். எது எரியுதுன்னு பாக்கலாம்."