திருப்பித் தரவேண்டிய பொன்னாடை

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் பொன்னாடை அண்ணே கை படாத தோள் ஒன்று மிச்சமிருந்தால், அது நேற்றுப் பிறந்த குழந்தையின் தோளாகத்தான் இருக்கும். அதற்கும் இந்நேரம் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது அடையாள அட்டையில் மட்டும். பெட்டாலிங் ஜெயா பக்கம் நாங்கள் படித்த பல்கலைக்கழகத்தில், மாணவர் விடுதி அலுவலகக் கிளார்க் அவர். வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் படித்து, அங்கேயே பட்டமும் வாங்கியவர்.

அவருடைய காரின் பின்பெட்டியில் ஸ்பேர் டயர் இருக்கிறதோ இல்லையோ, இஸ்திரி போட்டு மடித்த பொன்னாடைகள் கட்டாயம் இருக்கும். ஒருநாள் கூட்டரசு நெடுஞ்சாலையில் டயர் வெடித்து நின்றுவிட்டார். உதவிக்கு இறங்கி வந்த லோரிக்காரருக்கு அந்த இடத்திலேயே பொன்னாடை. பின்னால் நின்ற கார்களெல்லாம் ஹாரன் அடித்ததை அவர் மேளச்சத்தமாக எடுத்துக்கொண்டார். போக்குவரத்தை மறித்ததற்கு அபராதச் சமன் எழுத வந்த போலீஸ்காரருக்கும் ஒன்று போர்த்தினார்.

"என்ன பாஸ் இது, லஞ்சமா?" என்று அவர் மலாயில் முறைத்தார்.

"இல்ல பாஸ், மரியாதை லா!"

போலீஸ்காரர் பொன்னாடையோடு நின்றபடியே சமனை எழுதி முடித்து நீட்டினார். மரியாதை வேறு, சட்டம் வேறு.

பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் விருது நாள் நடத்தும். சாதனைக்கும் சேவைக்குமாகப் பழைய மாணவர்களையும் பேராசிரியர்களையும் இப்போது படிக்கிறவர்களையும் மேடையேற்றிக் கேடயம் கொடுப்பார்கள். வெறும் கேடயம் கொடுத்தால் கௌரவமா என்று அண்ணே சண்டை பிடித்துப் பொன்னாடையையும் அதில் நுழைத்துவிட்டார். புதிதாக வந்த சீன டீன் அம்மா முதல் வருடம் அதைத் திரைச்சீலை என்று நினைத்தார். அடுத்த வருடம், "என்னுடையது எங்கே?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

இத்தனை பொன்னாடைக்கு அவர் எங்கே போவார்? அங்கேதான் சூட்சுமம். போர்த்தும்போது அவர் வாங்குகிறவர் காதருகே ஏதோ முணுமுணுப்பார். அண்ணே ஆசீர்வாதம் செய்கிறார் என்று கூட்டம் உருகிப்போகும். பேச்சுப் போட்டியில் ஜெயித்து நான் மேடையேறியபோதுதான் அந்த ஆசீர்வாதம் என் காதிலும் விழுந்தது.

"தம்பி, மேல கறி கிறி ஊத்திக்காதே. வியாழக்கெழம ரூமுக்கு வந்து வாங்கிக்கிறேன்."

சொன்னபடியே வந்தார். இது என்ன அண்ணே அநியாயம் என்றேன்.

"வீட்டுக்குக் கொண்டுபோயி என்னா செய்வே? ஒங்கம்மா தையல் மெசினுக்கு மூடி போடுவாங்க. ஒரே தோளோட நின்னுட்டா அது துணி லா தம்பி. நாலு தோள் பாத்தாத்தான் அது பொன்னாடை."

ஒரு பேராசிரியர் அடுத்தடுத்த வருடம் விருது வாங்கினார். இரண்டாம் முறை தன் தோளை உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்தக் கறிக் கறை போன வருஷம் நான் சிந்துனது" என்றார். அண்ணே அசரவில்லை. "அதான் சார், ஒங்களுக்குன்னே எடுத்து வெச்சேன்!"

ஊரெல்லாம் போர்த்தியவர், தனக்கென்று வந்தால் மட்டும் ஓடிவிடுவார். பழைய மாணவர் சங்கத்தில் இரண்டு தடவை முயன்றார்கள். இரண்டு தடவையும், "கார் லைட்ட அணைச்சேனான்னு பாத்துட்டு வரேன்" என்று போன மனிதர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். அதைக் கேட்டால், "போத்துற ஆளுக்கு எதுக்கு லா?" என்பார்.

இரண்டாம் ஆண்டில் நான் புள்ளியியலில் பெயிலானேன். படிப்பே வேண்டாம் என்று முடிவுசெய்து, பையைத் தூக்கிக்கொண்டு கிள்ளான் பேருந்துக்காக நின்றேன். அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணே மூச்சிரைக்க வந்தார். கையில் ஊதா நிறப் பொன்னாடை. பேருந்து நிறுத்தத்தில் அத்தனை பேர் பார்க்க எனக்குப் போர்த்தினார்.

"பெயிலானவனுக்கு எதுக்கண்ணே?" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பாஸானவனுக்கு ஊரே போத்தும். பெயிலானவனுக்கு நாந்தான் போத்தணும். பையைத் தூக்கு, ரூமுக்குப் போ."

வெட்கத்தில் பாதி, வேறெதிலோ பாதி, திரும்பி நடந்தேன். பரீட்சையை மறுபடி எழுதிப் பாஸும் செய்தேன். பேருந்து நிறுத்தத்தில் அன்று அவர் என் காதில் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பொன்னாடையை வாங்க அவர் வரவுமில்லை.

அண்ணே ஓய்வுபெற்ற பிறகும் விருது நாளென்றால் பொன்னாடைப் பையோடு வந்துவிடுவார். போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இப்போது கைத்தடியோடு நடக்கிறார். வலது கை நெஞ்சுக்கு மேல் எழும்பாது. "இந்த வருஷம் போத்திட்டு நிறுத்திக்கிறேன் தம்பி" என்று போனில் சொன்னார். குரலில் வழக்கமான துள்ளல் இல்லை. சேவை விருது அவருக்குத்தான் என்று, பழைய மாணவனாக நானும் இருந்த விருதுக் குழு முடிவெடுத்திருந்ததைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் கார் லைட்டைப் பார்க்கப் போய்விடுவாரே.

விருது நாளன்று மதியம் மண்டபம் நிறைந்திருந்தது. அண்ணே இடது கையால் போர்த்தத் தடுமாறியதைப் பார்த்ததும் முதலில் வந்த மாணவி சட்டென்று மண்டியிட்டாள். அடுத்து வந்த தொழிலதிபரும் மண்டியிட்டார். ஆறடிக்கு மேல் வளர்ந்த பேராசிரியர் ஒருவர் மேசையைப் பிடித்துக்கொண்டு, முட்டி சடசடக்க இறங்கினார். யாரும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அண்ணே மட்டும் ஒவ்வொருவர் காதிலும் வியாழக்கிழமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியாகச் சேவை விருதுக்கு அவர் பெயரை வாசித்தார்கள். அடையாள அட்டைப் பெயர் என்பதால் அவரும் யாரோ என்று நினைத்துப் பைக்குள் கைவிட்டுத் துழாவினார். பிறகுதான் விளங்கியது. ஓடவும் வழியில்லை, கால் ஒத்துழைக்காது. மைக்கைப் பிடித்தார்.

"பை காலி லா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்!"

மண்டபம் சிரித்தது. நான் அந்த ஊதாப் பொன்னாடையோடு மேடையேறினேன். அதைக் கண்டதும் அவர் வாய் அழுகையில் கோணிக்கொண்டது.

"டேய்… இன்னுமாடா வெச்சிருக்கே?"

போர்த்திவிட்டு, அவர் செய்வதைப் போலவே காதருகே குனிந்தேன். கூட்டம் ஆசீர்வாதம் வாங்குகிறேன் என்று நினைத்திருக்கும்.

"அண்ணே, இத நீங்க திருப்பித் தரவேணாம்."