மில்லி நொடிக் குழுவின் வெற்றி வரலாறு

நெருப்பைக் கண்டுபிடித்தவன் யார் என்று உலகத்துக்குத் தெரியாது. அந்தத் தவறு மறுபடி நடக்கக் கூடாது என்பதற்காகவே, வலைப்பக்கம் ஒன்றை ஆறு மில்லி நொடி முன்னதாக ஓடவைத்த மகான்களின் பெயர்கள் எங்கள் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கின்றன. அதில் மூன்றாவது பெயர் அடியேனுடையது. குழுவின் செயலாளர் நான்தான்.

நடக்க இயலாதவர்களுக்குச் சக்கர நாற்காலி வழங்குவது எங்கள் துறையின் திருப்பணி. வலைத்தளத்தில் விண்ணப்பித்தால் நாற்காலி வரும். வர மூன்று மாதம் ஆகிறது என்று நன்றி கெட்ட சிலர் புகார் எழுதினார்கள். இயக்குநர் புகாரைப் படித்தார், கண்ணை மூடினார், காரணத்தைக் கண்டுபிடித்தார்: வலைத்தளத்தை எழுதியிருக்கும் மொழி மெதுவானது. அன்று மாலைக்குள் ‘சேவையக நிரல்மொழிகளின் ஓட்டவேக ஒப்பீட்டு உயர்மட்டக் குழு’ பிறந்துவிட்டது.

முதல் கூட்டத்திலேயே ஒரு அபசகுனம். தளத்தைப் பராமரிக்கும் பெண் நிரலாளர், வயதில் சின்னவர், விவரத்தில் பெரியவர், ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டார். ஒரு விண்ணப்பத்தின் தொண்ணூற்றொரு நாள் பயணத்தில் எந்திரத்துக்கு ஆவது அரை நொடிகூட இல்லையாம். மீதி நாளெல்லாம் அது இயக்குநரின் மேசைக் கணினியில் ‘அனுமதி’ என்ற பொத்தானுக்காகக் காத்திருக்கிறதாம்.

இயக்குநர் கோபப்படவில்லை. பெரிய மனிதர்.

“அது மனித நேரம்மா. இந்தக் குழு எந்திர நேரத்தைப் பத்தி மட்டுந்தான் பேசும்,” என்றார். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

பிஎச்பி, பைத்தான், ரூபி என்று மூன்று மொழிகள் களம் இறங்கின. இயக்குநர் பைத்தான் பக்கம். அவருடைய மைத்துனர் மகன் அதைப் படித்திருந்தான். தெரியாத தேவதையைவிடத் தெரிந்த பிசாசே மேல் என்று தலைமை எழுத்தர் பிஎச்பிக்குக் கொடி பிடித்தார். பெயரில் ஒரு ஜொலிப்பு இருந்ததால் நான் ரூபி. மில்லி நொடிக்குப் பின் எத்தனை தசமப் புள்ளி வேண்டும் என்பதைத் தீர்மானிக்கவே வாரத்துக்கு ஒன்றாக இரண்டு கூட்டங்கள் ஆயின. அந்த இரண்டு வாரமும் பொத்தானை அழுத்த இயக்குநருக்கு நேரமில்லை.

போட்டி நாளும் வந்தது. சோதனைக்குப் பொய்யான ஒரு விண்ணப்பத்தைத் தயார் செய்து, தளத்தின் நகல் ஒன்றில் ஓட்டலாம் என்று நிரலாளர் யோசனை சொன்னார். நான் எழுந்து நின்று மறுத்தேன். பொய்யை வைத்து உண்மையைச் சோதிப்பதா? நகலில் ஓடி ஜெயிப்பதும் ஒரு ஜெயமா? அசல் தளம், அசல் விண்ணப்பம். கைதட்டினார்கள்.

அசல் விண்ணப்பத்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. வராந்தாவிலேயே ஒன்று நின்றுகொண்டிருந்தது. தையல்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி, எழுபதாவது நாளாக விசாரிக்க வந்திருந்தார். கணவர் கட்டிடத்துக்கு வெள்ளையடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்தவர். வீட்டுக்குள் அவரை ஒரு சக்கரம் போன பழைய சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, சக்கரமில்லாத மூலையை இவர் தூக்கிப் பிடித்துக்கொண்டே குளியலறைவரை தள்ளுவாராம். மாதக் கடைசிக்குள் கணவரைக் கடைக்கு அழைத்து வந்துவிட்டால் பொத்தான் தைக்கும் வேலையை அவருக்குத் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். தாமதமானால் வேறு ஆள்.

இயக்குநர் மனமிரங்கி, அந்தப் பெண்மணியின் விண்ணப்பத்தையே போட்டிக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

“அப்போ என்னோடது முதல்ல போயிடுங்களா?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

“முதல்ல மட்டும் இல்லம்மா. லட்சம் தடவை போகும்,” என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கே கண் கலங்கியது.

மொழிக்கு லட்சம் வீதம் அதே விண்ணப்பம் மூன்று லட்சம் தடவை செலுத்தப்பட்டது. பதினொரு மில்லி நொடி எடுத்த பழைய பக்கத்தை முந்தி, பைத்தான் ஐந்தில் முடித்தது. மற்ற இரண்டும் வராந்தாவிலிருந்த பழைய கணினியில் ஓடின, அது மட்டும் இயக்குநர் அறையின் புதிய கணினியில் ஓடியது என்பதெல்லாம் தோற்றவர்கள் பேசும் பேச்சு. இனிப்பு வழங்கினோம்.

நிரலாளர் மட்டும் இனிப்பைத் தொடவில்லை. ஒரே ஆள் இரண்டாம் தடவை விண்ணப்பித்தால் மோசடி என்று தள்ளி, மூன்று ஆண்டு விலக்கி வைக்கும் விதி ஒன்று உண்டு. அதை வரைந்த பெருமையும் எனக்குத்தான். தளம் அதைக் கடமை தவறாமல் நிறைவேற்றியிருந்தது.

“சார், நீங்க அளந்தது விண்ணப்பத்தை ஏத்துக்குற வேகம் இல்ல. தள்ளுற வேகம்,” என்றார் அவர். “சோதனைப் பதிவை ரத்து பண்ண ஒரு கையெழுத்து போடுங்க. அந்தம்மா பேரை மோசடிப் பட்டியல்லருந்து எடுத்துடுறேன்.”

“பதிவை ரத்து பண்ணினா போட்டியே நடக்கலன்னு ஆயிடும். போட்டி நடந்திருக்கே,” என்றார் இயக்குநர். சுவரில் ஆணி அடிக்கும் சத்தம் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் அந்த அம்மாள் நிராகரிப்புச் செய்தியோடு வந்தார். நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். அவர் பெயரில் மூன்று லட்சத்து ஒரு விண்ணப்பங்கள் இருந்தன.

“நான் ஒரு தடவைதான் சார் குடுத்தேன்.”

“கணக்கு அப்படிச் சொல்லலையேம்மா.”

அவர் திரையிலிருந்த எண்ணின் இலக்கங்களை விரல் வைத்து எண்ணினார்.

“என் பேர்ல மூணு லட்சம் தடவை நாற்காலி கேட்டிருக்கு. ஒரு தடவைகூட யாருக்கும் காதுல விழலையா சார்?”

அதற்கு எங்கள் குறிப்பேட்டில் இடமில்லை. அவர் படியிறங்கிப் போனார். நிரலாளர் அன்றே வேலையை விட்டு நின்றுகொண்டார்.

எங்கள் சாதனையை இனியும் யாராவது சந்தேகித்தால் அவர்களுக்காக ஒரே ஒரு கணக்கு. முன்பெல்லாம் நடக்க இயலாத ஒரு மனிதரை மூன்று மாதம் படுக்கையிலேயே கிடத்தி வைக்க நாங்கள் பன்னிரண்டு பேர் பாடுபட வேண்டியிருந்தது. இப்போது மூன்று ஆண்டுகள் கிடத்த ஐந்து மில்லி நொடி போதும்.