பாவம் கண்டுபிடிக்கும் மெத்தை

ஊருக்கே திடீரென்று படுக்கைமேல் பக்தி வந்துவிட்டது. எப்போதோ மூடிப்போன நாற்காலிக் கடை ஒன்றின் வாசலில், கதவு திறக்கும் முன்பே வரிசை நின்றது. உள்ளே மூச்சய்யா எழுந்தருளியிருந்தார். அவர் தம் திருவாயால் ஊதிக் கொடுக்கும் காற்று மெத்தையில் படுத்தால் முதுகுவலி போகும், கெட்ட கனவு போகும், கடன் தொல்லை போகும் என்றார்கள். கையில் இருந்த காசு போனதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஐயா இரண்டு ஊது ஊதுவார். அவ்வளவுதான். பிறகு சீடர் மெத்தையைத் திரைக்குப் பின்னால் எடுத்துப் போவார். அங்கிருந்து 'கொர்ர்' என்று ஒரு சத்தம் எழும். அது மந்திர ஒலியாம். மின்சாரம் நின்றால் மந்திரமும் நிற்கும். மின்சாரம் வந்தால் மந்திரமும் வரும். பக்தர்கள் அதையும் கைகட்டிக் கேட்டார்கள்.

காற்று மெத்தை நல்ல பொருள். அதைக் குறை சொன்னால் எனக்குத்தான் பாவம். சின்ன வீட்டில் இரவு விரித்துக்கொள்ளலாம், பகலில் மடித்து அலமாரியில் திணிக்கலாம். அடியில் ஒரு போர்வை, மேலே ஒரு பருத்தி விரிப்பு, படுக்கும் முன் கொஞ்சம் காற்று. ஏழைக்கும் இடுப்பு நோகாத தூக்கம் கிடைக்கும். ஆனால் ஐயா கொடுத்த மெத்தைக்கு ஒரு தனிக்குணம் இருந்தது. இரவில் கல்லைப் போல நிமிர்ந்து நிற்கும். விடிந்தால் வற்றிய குளம். வேறு வியாபாரியாக இருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பான். மூச்சய்யா ஞானி. ஓட்டையையே வேதமாக்கிவிட்டார்.

“மெத்தை பொய் சொல்லாது. படுத்தவங்க மனசுல அழுக்கு இருந்தா, காத்து இறங்கிரும்.”

அன்றிலிருந்து ஊரில் ஒருவரும் மெத்தையைக் குறை சொல்லவில்லை. சொன்னால் தன் மனசைத்தானே சொல்ல வேண்டும்? கெட்டிக்காரர்கள் மெத்தையைக் கூடத்தின் நடுவில் விரித்துவிட்டுத் தாங்கள் தரையில் படுத்தார்கள். அப்படியும் இறங்கிய மெத்தைக்குப் பொழுது விடியும் முன் இரகசியமாக ஊதினார்கள். காசு கொடுத்து மெத்தை வாங்கி, அதற்குக் காவல் இருந்து, கழுத்து சுளுக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். பக்தி என்றால் சும்மாவா?

ஒரு தையல்காரிக்கு மட்டும் இந்தச் சாமர்த்தியம் இல்லை. கணவனை இழந்தவள், கொழுந்தன் வீட்டுக் கூடத்தில் இருந்தாள். பகல் முழுவதும் குனிந்து தைத்த முதுகு. அவளுக்காகத்தான் கொழுந்தன் மெத்தை வாங்கினான். அவளும் கள்ளமில்லாமல் அதிலேயே படுத்தாள். காலையில் மெத்தை தரையோடு கிடந்தது. மறுநாளும் அப்படியே. கொழுந்தன் ஓடிப்போய் ஐயாவைக் கேட்டான். ஐயா கண்ணை மூடித் திறந்தார்.

“அந்தப் பொம்பளை இருக்கிற வீடு விளங்காது. அனுப்பிரு.”

கொழுந்தன் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். தையல்காரி அழவில்லை. தையல் மெஷினைச் சாக்கில் சுற்ற ஆரம்பித்தாள்.

“எங்க போவீங்கக்கா?” என்று கேட்டாள் ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி.

“பார்க்கலாம்மா. நல்லது நடக்கணும்னா நான் போறதுதானே சரி.”

“ஒரு நல்லதும் நடக்க வேணாம். எனக்குப் பிரசவமானப்ப பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தே கால் வீங்கின மனுஷி நீங்க. உங்க மனசுல அழுக்கா?” பிறகு கணவனைப் பார்த்தாள். “என்னங்க, அந்த மெத்தையை மடிங்க. நாமளே ஐயாகிட்ட போவோம்.”

“எதுக்குடி?”

“ஒரு சந்தேகம். கேட்டா குறைஞ்சா போயிருவோம்?”

மூவரும் போனபோது கடையில் நல்ல கூட்டம். ஐயா அப்போதுதான் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். ஓரகத்தி கும்பிட்டாள்.

“ஐயா, மனசு சுத்தமா இருந்தா காத்து இறங்காதுங்களா?”

“அணுவளவும் இறங்காதும்மா.”

“இந்த ஊர்லயே சுத்தமான மனசு யாருக்குங்க?”

ஐயா அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். கூட்டம் அவருக்காகப் பதில் சொன்னது. “ஐயாவுக்குத்தான். அதுல என்ன கேள்வி?”

“அப்ப எங்க மெத்தையில நீங்களே கொஞ்சம் படுத்துக் காட்டுங்க. எங்கக்காவும் பார்த்துக் கத்துக்கட்டும்.”

“நான் படுக்கிறது கிடையாது. தியானம் மட்டும்தான்.”

“தியானத்தைப் படுத்துக்கிட்டே பண்ணுங்கய்யா” என்று பக்தர்கள் கெஞ்சினார்கள். மெத்தைக்குச் சீடரே மந்திர ஒலியோடு காற்று நிரப்பினார். ஐயாவைப் பக்தர்களே தூக்காத குறையாகக் கொண்டுவந்து கிடத்தினார்கள். சொந்த பக்தர்களிடமிருந்து தப்புவது சாமியாருக்கும் கஷ்டம்தான்.

சற்று நேரத்தில் குறட்டை கேட்டது. சொன்னேனே, காற்று மெத்தை சுகமான பொருள்.

பொழுது சாயும் வரை கூட்டம் கைகட்டி நின்று பார்த்தது. முதலில் ஐயாவின் இடுப்பு இறங்கியது. பிறகு முதுகு. மெத்தையின் இரண்டு ஓரமும் மேலே எழும்ப, ஐயா தொட்டிலில் போட்ட பெரிய பிள்ளை போலக் கிடந்தார். கடைசியில் இடுப்பெலும்பு தரையில் தட்டியது. குறட்டை நின்றது.

“பாவம், என்ன அழுக்கை வச்சுக்கிட்டு இத்தனை நாளா தவிச்சாரோ” என்றாள் கூட்டத்தில் நின்ற காய்கறிக்காரி.

ஐயா புரண்டு புரண்டு எழப் பார்த்தார். “இந்தக் கூட்டத்துல ஒரு பாவி இருக்கான்.”

“இருக்கட்டும்யா. படுத்தது நீங்கதானே?” என்றாள் ஓரகத்தி.

அவள் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்திருந்தாள். மெத்தைக்கு மறுபடி காற்றடிக்கச் சொல்லி, ஓரத்தில் ஒட்டியிருந்த இடமெல்லாம் துணியால் தடவினாள். ஒரு மூலையில் காற்று கசிந்து குமிழி குமிழியாக நுரை பொங்கியது. அடுக்கிலிருந்து பிரிக்காத மெத்தை ஒன்றை எடுத்து நிரப்பித் தடவினாள். அதிலும் அதே மூலை, அதே நுரை. யாருமே படுக்காத மெத்தை அது. கொழுந்தன் திரையை இழுத்தான். மந்திரம் அங்கே மின்சாரப் பம்பாக நின்றிருந்தது.

“சொல்லிர்றேன்” என்றார் சீடர். “கிடங்குல ஒட்டு சரியில்லைன்னு ஒதுக்கிப் போட்ட சரக்கு. எடைக்கு வாங்கினோம்.”

கூட்டத்தில் நின்ற தபால்காரர் மெதுவாகக் கேட்டார். “ஐயா பேச்சைக் கேட்டு, இதுக்காகவா என் தங்கச்சியை வீட்டை விட்டு அனுப்பினேன்?” பதிலுக்கு நிற்காமல் வெளியே போனார், அவளைக் கூட்டி வர.

அதற்குப் பிறகுதான் கூட்டத்துக்குக் கோபம் வந்தது. நான்கைந்து பேர் ஐயாமேல் கையை ஓங்கினார்கள். குறுக்கே வந்து நின்றவள் தையல்காரி.

“அடிக்காதீங்க. வாங்கின காசைத் திருப்பித் தரட்டும், போகட்டும். கட்டாந்தரையில விழுந்த இடுப்பு, ஏற்கெனவே வலிக்கும்.”

வீட்டுக்கு வந்ததும் கொழுந்தன் சாக்கைப் பிரித்து மெஷினைப் பழைய இடத்தில் வைத்தான். “அண்ணி” என்றான். மடித்த மெத்தையை அவள் முன்னால் வைத்தான்.

“பசை இருக்கா பாரு தம்பி. மூலையை ஒட்டிரலாம். நல்ல மெத்தைதான்” என்றாள் அவள்.

மனிதர்களின் மனசை அளக்க ஆண்டவன் இருக்கிறான். அவனுக்குப் பம்பு வேண்டாம், தரகரும் வேண்டாம். நாம் அளக்க வேண்டியது மெத்தையை மட்டும்தான். அதற்கு ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீரும், அதைக் கரைக்கும்படி சொல்ல ஒரு மூளையும் போதும். சோப்பு எல்லார் வீட்டிலும் இருக்கிறது.