முதலாம் வாசகத்தில் வந்த சமையல்காரி

புத்தகம் வாசிக்கிறவன் என்று பெயரெடுக்க நான் பட்ட பாட்டில் பாதியைப் புத்தகம் வாசிப்பதில் பட்டிருந்தால், இன்றைக்கு உண்மையிலேயே படித்த மனிசனாகியிருப்பேன்.

மின்னூல் வாசிப்பான் கனடாவுக்கு வந்த புதிது. இரண்டாயிரங்களின் கடைசி. அதில் ஒன்றைத் தெரிவு செய்ய எனக்கு மூன்று மாதம் பிடித்தது. சனிக்கிழமை தவறாமல் மொன்றியலின் பியர்பொன்ட்ஸிலிருந்து புவாண்ட்-கிளேர் கடைத்தொகுதிக்குப் போய் நின்றதில், கடைப்பெண் எனக்கு "பொன்ஜூர்" சொல்வதையே நிறுத்திவிட்டாள். ஆயிரம் புத்தகம் கொள்ளுமா, பற்றரி இரண்டு கிழமை நிற்குமா, வெயிலில் எழுத்துத் தெரியுமா என்று குடைந்தெடுத்தேன். (அந்த வருடம் நான் வாசித்து முடித்தது இரண்டே இரண்டு புத்தகம். இரண்டும் வீட்டுக்குள் இருந்து.) கடைசியில், ஆங்கிலப் புத்தகங்களைத் தானே உரத்து வாசிக்கிற ஒன்றை வாங்கினேன். வாசிக்கிற வேலைக்கும் ஆள் கிடைத்தால் விடுவேனா?

என் மனைவி ரீற்றா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உந்தச் சிலேற்றுக்கே மூண்டு மாசம் அலைஞ்சனீங்கள்? என்னைப் பொம்பிளை பாக்க அரை மணித்தியாலம்தானே எடுத்தனீங்கள்!"

முதல் வேலையாக ஓர் ஆங்கிலத் துப்பறியும் நாவலை ஏற்றினேன். மூன்றாம் அத்தியாயத்தோடு களைத்துப்போனேன். ஆனால் வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவரும் அந்தக் கருவியைப் பார்க்காமல் தேத்தண்ணி குடித்ததில்லை.

அப்படியிருக்கையில், எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் தமிழ்ப் பூசையில் முதலாம் வாசகம், அதாவது பைபிள் பகுதி, வாசிக்கும் முறை எனக்கு வந்தது. கோயில் நிறையச் சனம் இருக்கும். கருவியைக் காட்ட இதைவிட நல்ல இடம் ஏது? வாசகத் தாளைப் படமாக்கி அதற்குள் ஏற்றினேன்.

"பேசாமல் பேப்பரைக் கொண்டு போங்கோப்பா," என்றாள் ரீற்றா.

"காலம் மாறீட்டுது, ரீற்றா," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஒலிவாங்கிக்கு முன்னால் கருவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் பக்கம் கம்பீரமாகப் போனது. ஒரு வசனத்தின் நடுவில் பக்கம் முடிந்தது. பொத்தானை அழுத்தினேன். திரை கறுத்தது. அந்தக் காலத்துக் கருவிகள் பக்கம் புரட்ட ஒரு மூச்சு எடுக்கும்; பதற்றத்தில் எனக்கு அது ஒரு யுகமாக இருந்தது. இன்னொருமுறை அழுத்தினேன். இரண்டாம் பக்கம் தலையைக் காட்டிவிட்டு ஓடியே போனது. வியர்வைக் கையால் இருந்த பொத்தான் எல்லாவற்றையும் அழுத்தினேன்.

அப்போதுதான் கருவி வாயைத் திறந்தது. மெத்ரோ ரயிலில் அடுத்த தரிப்பைச் சொல்வதுபோல, உணர்ச்சியே இல்லாத ஓர் ஆண்குரல். ஒலிவாங்கியின் புண்ணியத்தில் கூரை அதிர ஆங்கிலத்தில் அறிவித்தது:

"ஆகவே, பிரபுவின் கோப்பியில் நஞ்சைக் கலந்தவள் சமையல்காரியே."

கருவியை நெஞ்சோடு அமத்தினேன். குரல் நின்றது. வாசகர் நிறுத்தினால் என்ன சொல்வது என்று சனத்துக்குப் பழக்கம். பின்வாங்கில் யாரோ தொடங்க, முழுக் கோயிலும் பக்தியோடு சேர்ந்து சொன்னது:

"இறைவா, உமக்கு நன்றி!"

மிச்ச வாசகத்தைப் பூசை வைத்த சுவாமியே எழும்பி வந்து, தாளைப் பார்த்து வாசித்து முடித்தார். பூசை முடிந்ததும் என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார். இனி வாசகம் இல்லை, பாவசங்கீர்த்தனம்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். சுவாமி கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவள் ஏன் அவனைக் கொலை செய்தவள்?"

"தெரியாது, சுவாமி. நான் மூண்டாம் அத்தியாயம் மட்டும்தான்..."

"ஒரு புத்தகத்தை முடிக்கேல்லையே நீர்?" நஞ்சு வைத்தவளைக்கூட அவர் அப்படிப் பார்த்திருக்கமாட்டார்.

காரில் ரீற்றா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மானம் போன கவலை என்று நினைத்து, "மன்னிச்சுக்கொள்ளும்," என்றேன்.

"மானம் கிடக்கட்டும்! ரெண்டு கிழமையா சமைக்கேக்க உந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு வாறன். கடைசி அத்தியாயத்தில நிப்பாட்டி வச்சனான். கொலைகாரி ஆரெண்டு முழுக் கோயிலுக்கும் சொல்லிப்போட்டியளே!"

சத்தத்தை உச்சத்தில் விட்டதும் அவள்தானாம். அடுப்புக்கு மேலே புகையிழுக்கிற விசிறி பெருஞ்சத்தமாம். சிலேற்று என்று நக்கலடித்தவள், நான் வேலைக்குப் போன நேரமெல்லாம் அதோடு குடும்பம் நடத்தியிருக்கிறாள்!

அன்றிரவே கடைசி அத்தியாயத்தையும் கேட்டு முடித்தாள். காரணத்தை மட்டும் எனக்குச் சொல்லமாட்டேன் என்றாள். அதுதான் தண்டனையாம். நானும் ரோசத்தில் அந்த நாவலைத் திறக்கவில்லை.

இன்றைக்கும் கலியாண வீடுகளில் யாராவது என்னைப் பிடித்து, "அண்ணை, அந்தச் சமையல்காரி ஏன்...?" என்று தொடங்குவார்கள். நான் ரீற்றாவைக் கைகாட்டுவேன். அவள் அவர்களின் காதுக்குள் ஏதோ சொல்வாள். "அட, அதுதானே!" என்று தலையாட்டி, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். சுவாமிக்கும் தெரியுமாம். மொன்றியலில் காரணம் தெரியாத ஒரே தமிழன் நான்தான்.