கார்ட்டுக்கு இன்னும் ஒரு சின்ன மாத்தம்

உலகத்தில் பொருள்களை உடைப்பவர்கள் உண்டு. உடைந்ததைப் பழுது பார்ப்பவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத இன்னொரு இனம் இருக்கிறது. நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். அதன் வீட்டில் டீ குடித்திருப்பீர்கள், கோப்பையைக் கீழே வைக்க இடம் கிடைக்காமல் கடைசிவரை கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருப்பீர்கள். நன்றாக ஓடுகிற ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, இது ஏன் இன்னும் நன்றாக ஓடக் கூடாது என்று கேட்டு, அந்தக் கேள்வியோடு அதன் ஓட்டத்தையே நிறுத்திவைக்கிற இனம் அது. சின்ன மாத்தக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். "ஒரு சின்ன மாத்தம்தான், அப்புறம் ஓட்டிடலாம்" என்பது இந்த இனத்தின் கூவல். குயில் கூவினால் பொழுது விடியும் என்றாவது நம்பலாம். இவர் கூவினால் எதையும் நம்ப முடியாது.

அடையாளம் காண்பது சுலபம். நகக்கண்ணில் கறுப்பு, சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் திருப்புளி. நீங்கள் உங்கள் குடும்பக் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு தலையாட்டுவார். நாலு வார்த்தை ஆறுதல் வரும் என்று நீங்கள் காத்திருக்கும்போது, தெருவில் போன பைக்கைக் காட்டி, "பிளக் போயிடுச்சு" என்பார். சாவு வீட்டுக்கும் வருவார். சவ வண்டி கிளம்பும்போது எல்லாரும் வாய்விட்டு அழ, இவர் மட்டும் காதைச் சாய்த்து, பக்கத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பவரிடம், "டைமிங் கொஞ்சம் தள்ளியிருக்கு பாருங்க" என்பார். போனவர் எழுந்து வந்து சரிசெய்யப் போகிறாரா?

எடுத்துக்காட்டுக்கு ஒருவரைப் பிடித்து வெளிச்சத்தில் நிறுத்தலாம். தையல்கடை அக்காவின் தம்பி. தம்பி என்றதும் அரைக்கால் சட்டைப் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். முன்தலை முழுக்க வெளுத்து, கல்யாணமாகி, வீடு வாசல் என்று இருக்கிற ஆள். அக்கா வாய்க்கு வாய் தம்பி தம்பி என்றதில் தெருவுக்கே தம்பியாகிவிட்டார். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. அந்த வேலையில் அவர் புலி. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டிக் கத்திக்கொண்டே இருப்பதால், அங்கே சின்ன மாத்தத்துக்கு வழியில்லை பாருங்கள்.

வழி இருந்தது வீட்டில்தான். மூடிப்போன ஒரு கேளிக்கை மைதானத்தின் மூலையில், தம்பியைவிட வயதான ஒரு கோ-கார்ட் கிடந்தது. நாலு குழாய், நாலு சின்னச் சக்கரம், கையகல சீட், அதன் பக்கத்தில் புல்வெட்டும் மெஷினுக்குப் பங்காளி முறையாகிற ஒரு குட்டி இன்ஜின். அவ்வளவுதான் அந்த வண்டி. கொண்டுவந்த அன்று தம்பி கயிற்றை இழுத்தார். பட்டென்று உயிர் வந்தது. தெருக்கோடிவரை ஓட்டிப்போய், திரும்பி வந்து, கடை வாசலில் நின்ற அக்காவின் கால்விரலுக்கு முன்னால் கச்சிதமாக நிறுத்தினார். அக்காவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கையிலிருந்த ஊசியை எங்கே குத்தினோம் என்றுகூடத் தெரியாமல் கைதட்டினாள்.

அந்த வண்டி ஓடியதை மனிதக் கண்கள் பார்த்தது ரொம்ப நாளைக்கு அதோடு சரி.

"நல்லாத்தான் போகுதுக்கா. கார்புரேட்டரை மட்டும் கொஞ்சம் பெருசாக்கிட்டா…" என்று தொடங்கினார் தம்பி. பெரிதாக்கினார். இன்ஜின் பெட்ரோலை மடக்மடக்கென்று குடித்துவிட்டு இருமியது. இருமல் போக சைலன்சர் குழாயை நீட்டினார். நீட்டிய குழாய் டயரில் உரசியது. டயரைத் தள்ளிவைக்க அச்சை மாற்றினார். அச்சு மாறியதும் செயின் தொய்ந்தது. தொய்வு போகப் பல்சக்கரத்தைப் பெரிதாக்கினார். பெரிய பல்சக்கரம் தரையைத் தொட்டது. தரையைத் தாழ்த்த முடியாது என்பதால் வண்டியை உயர்த்தினார். உயர்த்தியதும் சாயும்போலத் தெரிந்தது. சாயாமலிருக்கப் பழையபடி தாழ்த்திவிட்டு, எல்லாவற்றுக்கும் மூலம் கார்புரேட்டர்தான் என்று கண்டுபிடித்தார். பழைய கார்புரேட்டரைத் தேடினார். அதை அறுத்து வேறு எதற்கோ மூடி செய்திருந்தார்.

பிறகு எடை குறைக்கும் காய்ச்சல் வந்தது. பிரேக் பெடலில் ஓட்டை, சீட்டைத் தாங்கும் தகட்டில் ஓட்டை, ஓட்டை போட இடமில்லாத இடத்திலும் ஓட்டை. வண்டி இட்லித்தட்டு மாதிரி ஆனது. சமையலறைத் தராசு பட்டறைக்குப் போனது. ஒவ்வொரு போல்ட்டையும் அதில் எடைபோட்டு, தலையை ராவி, மறுபடி எடைபோட்டார். வண்டியில் குறைந்த எடையெல்லாம் எங்கே போனது என்று கேட்கிறீர்களா? ஓட்டுகிறவரின் இடுப்பைப் பாருங்கள். அந்தக் கணக்கைத் தராசு கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பட்டறை என்று சொன்னது வீட்டின் முன்னறையை. காற்றும் வெளிச்சமும் வருகிற ஒரே அறை அதுதான். தம்பி மனைவி மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவள். அறையில் இன்ஜின் வசித்ததால் பிள்ளைகள் இருட்டு நடையில் வசித்தார்கள். பாதிப் பேர் பாயிலும் மீதிப் பேர் பழைய டயரிலும் உட்கார்ந்தார்கள். பின்னம் சொல்லித்தரப் பல்சக்கரம் உதவியது உண்மைதான். ஆனால் பெட்ரோல் வாசனையில் வகுத்தல் எவ்வளவு நேரம் நடக்கும்? அவள் சத்தம் போடுகிற ரகம் இல்லை. தப்பான விடைக்கு அடியில் சிவப்புக் கோடு போடுவதுபோல, புருஷனை ஒருதரம் நிதானமாகப் பார்ப்பாள். அவ்வளவுதான்.

அக்கா பாடுதான் திண்டாட்டம். வீட்டுக்குள் தம்பியை வாங்கு வாங்கென்று வாங்குவாள். கடையில் யாராவது அவரைப் பற்றி அரை வார்த்தை சொன்னால் அளவு நாடாவைச் சாட்டைபோலச் சுழற்றுவாள். "என் தம்பி கைபட்டா கல்லும் ஓடும்" என்று ஒருநாள் பெருமையடித்தாள். ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்த ஒருத்தி, "கல்லு ஓடுறது இருக்கட்டும்க்கா, வண்டி எப்ப ஓடும்?" என்று கேட்டுவிட்டாள். அந்த ரவிக்கைக்குக் கை வைக்க ஒரு மாதம் பிடித்தது.

இந்த நிலையில்தான் பழைய கார்ட் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் கூடப்போவதாகச் சேதி வந்தது. போட்டி கிடையாது. ஆளுக்கு ஒரு சுற்று, அவ்வளவுதான். தம்பி மனைவி அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பட்டறைக்குள் வந்து நின்றாள்.

"அண்ணி, நீங்களே சாட்சி" என்று அக்காவைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொன்னாள். "வர்ற ஞாயித்துக்கிழமை இந்த வண்டி ஒரு சுத்து ஓடிட்டா, அறை இவருக்கு. ஓடலைன்னா அறை என் பிள்ளைங்களுக்கு."

அக்கா மார்தட்டாத குறையாகப் பொறுப்பேற்றாள். தம்பியின் மானம் போனால் தன் மானம். தையல்கடைக்கு மானம்தானே மூலதனம்? சீட்டுக்குப் புது உறை நானே தைக்கிறேன் என்றும் சொல்லிவைத்தாள்.

அந்த வாரம் தம்பி என்ன செய்திருக்க வேண்டும்? இருக்கிறதை இருக்கிறபடி பூட்டி, கயிற்றை இழுத்து, ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். நீங்களும் நானும் அதைத்தான் செய்வோம். (அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள்.) அவர் என்ன செய்தார் தெரியுமா? வலப்பக்கம் பாரம் கூடுதலாக இருக்கிறது என்று கண்டுபிடித்து, சீட்டுக்கு வலப்பக்கம் இருந்த இன்ஜினைக் கழற்றி இடப்பக்கம் வைத்தார். அங்கே செயின் நேராக விழவில்லை. ஆகவே இன்ஜினை முன்பின்னாகத் திருப்பி வைத்தார். செயின் நூல் பிடித்தமாதிரி விழுந்தது. பாரமும் சரி, செயினும் சரி. இப்படியொரு மூளை யாருக்கு உண்டு என்று அக்கா பூரித்துப்போனாள்.

சனிக்கிழமை சாயங்காலம் வண்டியின் பின்பக்கத்தைச் செங்கல்மேல் தூக்கி நிறுத்தி, கயிற்றை இழுத்தார்கள். இன்ஜின் ஒரே இழுப்பில் பாடியது. அந்தரத்தில் சக்கரம் ஆரக்கால் தெரியாத வேகத்தில் சுற்றியது. டியூஷன் பிள்ளைகள் கைதட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, பரவாயில்லையே என்றார். அந்த வேகத்தில் சுற்றுகிற சக்கரத்தை எல்லாரும் பார்த்தார்கள். எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை. உறையின் ஓரத்தையலில் ஒரு இடம் நூலிழை விலகியிருப்பதாகப் பட்டதால், அதைப் பிரித்து மூன்றாவது தடவையாகத் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மைதானத்தில் வரிசையாகக் கார்ட்டுகள், சுற்றிலும் கயிறு கட்டி ஜனம். தம்பியின் முறை வந்தபோது, அக்கா கயிற்றோரம் முன்வரிசையில் நின்று, முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் அது என் தம்பி என்று அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தாள். தம்பி புது உறை போட்ட சீட்டில் தன்னை ஒருவழியாகத் திணித்துக்கொண்டு, கொடிக்காரர் கொடியை இறக்கியதும் காலை அழுத்தினார்.

வண்டி சீறிக் கிளம்பியது. பின்னால்.

ஒரு ஆளைப் பிடித்து எதிர்ப்பக்கம் பார்க்கத் திருப்பி நிறுத்தினால், அவர் முன்னே வைக்கிற அடி உங்களுக்குப் பின்னே போகிற அடியாகத்தானே இருக்கும்? இன்ஜினுக்கும் அதே நியாயம்தான். அது தன்வரையில் முன்னோக்கித்தான் உழைத்தது. கொடிக்காரர் கயிற்றைத் தாண்டி ஜனத்துக்குள் குதித்தார். தம்பி முகம் வெளிறி, இன்ஜினை அணைக்கக் கையை நீட்டினார். அணைத்தால் அறை போயிற்று. இதைத் தம்பி யோசித்தாரோ என்னவோ, அக்கா யோசித்துவிட்டாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றோரமாகவே ஓடினாள்.

"அணைக்காதடா. திரும்பிப் பாத்து ஓட்டுடா."

ஓட்டினார். கழுத்தை ஆந்தைபோலப் பின்னால் திருப்பிக்கொண்டு, வலப்பக்கம் ஒடித்தால் வாலை இடப்பக்கம் வீசுகிற வண்டியை நண்டுபோல நெளியவிட்டு, வைக்கோல் கட்டு ஒன்றைப் பெயர்த்து, ஒலிபெருக்கிக்காரர் சிரிப்பை அடக்க மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்க, முழுச் சுற்றையும் முடித்துக் கோட்டைத் தாண்டினார். வேறு எந்தக் கார்ட்டுக்கும் அன்று அவ்வளவு கைதட்டல் கிடைக்கவில்லை. அக்கா மூச்சு வாங்க வந்து நின்று, பார்த்தீர்களா என்று எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

உடனே வழக்கு ஆரம்பித்தது. பின்னால் ஓடினால் அது ஓட்டமா என்று ஒரு கட்சி. சுற்று சுற்றுதானே என்று ஒரு கட்சி. தம்பி மனைவி கையை உயர்த்தினாள். டியூஷனில் அடங்குவதுபோல எல்லாரும் அடங்கினார்கள்.

"கீழேருந்து மேல எழுதினாலும் விடை சரியா இருந்தா நான் மார்க் போடுவேன்" என்றாள். "சுத்து வந்தாச்சு, ஒத்துக்கறேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதாங்க தெரியணும். வண்டி முடிஞ்சுதா? முடிஞ்சுதுன்னு சொல்லிடுங்க, இனி ஜென்மத்துக்கும் அந்த அறையைக் கேக்க மாட்டேன்."

இதைவிடச் சுலபமான பரீட்சை உண்டா? ஒரே வார்த்தை. பொய்யாகச் சொன்னால்கூட யார் கேட்கப்போகிறார்கள்? தம்பி வாயைத் திறந்தார். "முடிஞ்…" என்றார். கண் மெல்ல வண்டிப்பக்கம் போனது. இன்ஜினைத் தொட்டது, செயினைத் தொட்டது, ஸ்டியரிங்குக்கு வந்து, அங்கிருந்து சீட்டுக்கு வந்தது. அந்தக் கண்ணில் வெளிச்சம் ஏறுவதை அக்கா பார்த்தாள். அவர் முழங்கையைக் கிள்ளினாள். பலிக்கவில்லை.

"கிட்டத்தட்ட" என்றார் தம்பி. "இன்ஜின் இப்படியே இருக்கட்டும். பின்பக்கம் இவ்வளவு அருமையா ஓடுதுன்னா, சீட்டையும் ஸ்டியரிங்கையும் மட்டும் திருப்பி வச்சா…"

மனைவி கோபப்படவில்லை. சரி என்றுமட்டும் சொன்னாள். மறுநாளே பட்டறை வகுப்பறையானது. பிள்ளைகள் வெளிச்சத்தில் உட்கார்ந்து வகுத்தார்கள். கார்ட் நாலு கூடையாகவும் ஒரு சட்டமாகவும் அக்கா கடையின் பின்கட்டுக்கு இடம் மாறியது. தம்பிக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பின்கட்டில் சுவர் பிளக் கூடுதலாக ஒன்று இருக்கிறதாம்.

அக்கா அவரைத் திட்டத்தான் பின்கட்டுக்குப் போனாள். ஒரு வார்த்தை, உன் வாயில் வராதா என்று கேட்கத்தான் போனாள். போன இடத்தில் சீட் கண்ணில் பட்டது. குனிந்து ஓரத்தையலை விரலால் தடவிப் பார்த்தாள். மைதானமே பார்த்து மெச்சிய உறை அது. ஆனாலும் அந்த மூலையில் அரை நூல் இழுக்கிறமாதிரி இல்லை? திட்டவந்ததை மறந்து, சின்னக் கத்தரியை எடுத்து, முதல் தையலை வெட்டினாள்.

நல்லவேளை, உங்களுக்கு இப்படியெல்லாம் கிடையாது. கார்ட்டா, இன்ஜினா, உங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை. நீங்கள் பாட்டுக்கு இதைப் படித்து, சிரித்து, மூடிவைத்துவிட்டுப் போகப்போகிறீர்கள். ஆனால் படித்துக்கொண்டு வரும்போது எங்கேயாவது, நன்றாகத்தான் இருக்கிறது, இந்த ஒரு வாக்கியத்தைமட்டும் கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தால் என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், அந்த வாக்கியத்தைத் தொடாதீர்கள். முதலில் உங்கள் முன்னறையை வீட்டில் இருப்பவர்கள் பேருக்கு எழுதிவைத்துவிடுங்கள்.