பூதத்தானின் இரண்டாவது சீசன்

தாராவி தொண்ணூறடி ரோட்டில் கராஜ் வைத்திருக்கும் பூதத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபதம் போட்டார். அவருடைய 'வண்டி தர்பார்' யூடியூப் ஷோவின் இரண்டாவது சீசனை மும்பையே பார்க்க வேண்டும்.

முதல் சீசன் பன்னிரண்டு வாரம் ஓடியது. வாரம் நாற்பது நிமிஷம், கார்பரேட்டருக்கு மட்டும் நாலு வாரம். பார்த்தவர்கள் பதினோரு பேர், அதிலும் ஒருவர் கை தவறித் தொட்டவர்.

ஷோவைப் படமெடுக்கப் போனைப் பிடித்துப் பிடித்துத் தோள்பட்டை இறங்கிப்போயிருந்த மனைவி பொன்செல்வி ஒரு யோசனை சொன்னாள்.

"இங்கேருங்க, பாக்கவங்க கொஞ்சம் சிரிக்க வேண்டாமா? புருசன் ஆட்டோவ ரிவர்ஸ் எடுக்கட்டும், பொண்டாட்டி சைடு சொல்லட்டும். சண்டை தானா வரும்."

"இது அறிவு ஷோட்டி. சர்க்கஸ் இல்ல."

"இந்தத் தடவையும் எவனும் பாக்கலன்னா ஷோ பந்த். ஞாயித்துக்கெழம நான் சான்பாடாவுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருவேன்."

விடுவாரா பூதத்தான்? முதல் சீசனின் குறை எதுவென்று அவரே கண்டுபிடித்தார். நின்றுகொண்டு பேசியதுதான் தப்பு. அசல் மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பேச வேண்டும். அப்படியே காருக்கு அடியில் நுழைந்து கியர்பாக்ஸைப் பற்றி முழங்கினார். வெளியே ஆட்டோ உறுமும் சத்தம் கேட்டது, யாரோ ஒரு பெண் புருஷனைத் திட்டினாள், கூட்டம் சிரித்தது. என்ன சத்தம் என்று உள்ளிருந்தபடியே கேட்டார். ஷோ பிரமாதமாகப் போகிறது, நீங்கள் நிறுத்தாமல் பேசுங்கள் என்றாள் பொன்செல்வி.

வாரா வாரம் முடிந்ததும் அவள் பார்க்கச் சொல்லிப் போனை நீட்டத்தான் செய்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாவி கொடுத்தனுப்பிய வண்டியைத் திரும்பிப் பார்த்தால் அது மறுபடி ரிப்பேருக்கு வந்து நிற்கும் என்பது கராஜ் சாஸ்திரம். ஷோவுக்கும் அதுதான் சட்டம் என்றுவிட்டார்.

எட்டாவது வாரம் எண்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். செம்பூரில் மெக்கானிக் சங்கத்தார் பாராட்டு விழா வைத்தார்கள். பூதத்தான் கோட்டு தைத்து, பதினாறு பக்கம் உரை எழுதி எடுத்துக்கொண்டு பொன்செல்வியோடு போனார்.

மாலை நேரே பொன்செல்வி கழுத்தில் விழுந்தது. பெரிய திரையில் ஷோ ஓடியது. ஒருத்தி "பின்னால வா, பின்னால வா" என்று சொல்லிப் புருஷனின் ஆட்டோவைக் குப்பைத்தொட்டியில் ஏற்றினாள். திரையில் பொன்செல்வி அதற்கு மார்க் போட்டாள். மண்டபமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. திரையின் மூலையில் ஒரு காருக்கு அடியிலிருந்து ரப்பர் செருப்போடு இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

பூதத்தான் அசரவில்லை. விறுவிறுவென்று மேடையேறி மைக்கைப் பிடித்து, "இந்த ஷோவோட ஹீரோ நான்தான்" என்றார்.

ஒருவரும் கைதட்டவில்லை. யார் இந்தக் கோட்டுக்காரர் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விழாவை நடத்திய உமைரா அவர் அருகில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, கொஞ்சம் கீழ படுத்துக் காட்டுங்க. அப்பதான் எல்லாருக்கும் அடையாளம் தெரியும்."