மங்கோலியாவின் கடலுக்குச் சாட்சி

இ.ம.சூ.

ராயபுரம்,
வியாழக்கிழமை காலை.

அன்புள்ள மச்சான் நோயலுக்கு, உன் அக்காள் புருஷன் சவரிநாதன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். உன் அக்காள் எல்சி சுகம், மகள் ஜானட் சுகம், நான் சுகமில்லை. நீ தூத்துக்குடியில் மாமியார் வீட்டுச் சாப்பாட்டோடு லீவில் இருக்கிறாய், அடுத்த கப்பல் ஏறும்வரை உனக்கென்ன குறை. வாட்ஸப்பில் கேட்டிருக்கலாமே என்பாய். வாட்ஸப்பில் நான் எதை எழுதினாலும் நீ ஒரு கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். எனக்கு இப்போது வேண்டியது கட்டைவிரல் இல்லை மச்சான், கையெழுத்து. அதனால்தான் கொரியரில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். மங்கோலியா தேசத்துக்குக் கடல் உண்டு என்றும், அதை நீ கண்ணால் கண்டாய் என்றும், இருபத்திரண்டு வருஷம் கப்பலில் உலகம் சுற்றியவன் என்ற முறையில் ஒரு சான்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முடிந்தால் ஏதாவது ஒரு ரப்பர் ஸ்டாம்பும் குத்தி, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் எனக்குக் கிடைக்கும்படி செய்யவேண்டும். இல்லாவிட்டால் ஜானட் கல்யாணம் நின்றுவிடும். விளையாட்டாகச் சொல்லவில்லை. கோயிலில் ஞாயிறு பூசையில் இரண்டு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை. "இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்" என்று சொல்லிவிட்டு ஃபாதர் ஒரு மூச்சு நிறுத்துவாரே, உனக்குத் தெரியும். நம் தெருக் கல்யாணங்களில் இதுவரை யாரும் அந்த மூச்சுக்குள் நுழைந்ததில்லை. இந்த ஞாயிறு நுழையப்போகிறார்கள். அதுவும் மாப்பிள்ளையைப் பெற்ற தாயே நுழையப்போகிறார்.

மாப்பிள்ளை செல்வத்தின் அம்மா ஃப்ளோரா டீச்சர் திருவொற்றியூரில் முப்பத்தொரு வருஷம் பூகோளம் நடத்தி ரிட்டயர் ஆனவர் என்பது நிச்சயதார்த்தத்துக்கு வந்த உனக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்கே எனக்குக் கொஞ்சம் உதறல்தான். ஆனால் நம் பேட்டையில் உலக விஷயம் என்றால் என்னைத்தான் கேட்பார்கள், அதனால் தைரியமாக இருந்தேன். துறைமுகத்தில் கப்பலை இழுத்துக் கட்டும் வேலையில் முன்கயிறு கோஷ்டி என்று ஒன்று, பின்கயிறு கோஷ்டி என்று ஒன்று. நான் முப்பத்து நான்கு வருஷம் பின்கயிறு. முன்கயிறு ஆட்களுக்குக் கப்பலின் பெயர் மட்டும்தான் தெரியும். கப்பலின் பின்பக்கத்தில்தான் பெயருக்குக் கீழே ஊரும் எழுதியிருக்கும். மொன்ரோவியா, பனாமா, மஜூரோ, வல்லெட்டா, நாஸோ என்று எத்தனை ஊர் படித்திருக்கிறேன். இத்தனை கப்பல் வைத்திருக்கிற மொன்ரோவியா எப்பேர்ப்பட்ட பட்டணமாக இருக்கவேண்டும் என்று நான் சொல்லித்தான் முடிவெட்டும் கௌசர் பாய் தன் கடைக்கு மொன்ரோவியா சலூன் என்று போர்டு வைத்தார். எதிர்வரிசையில் மஜூரோ டெய்லர்ஸும் என் யோசனைதான். இந்தப் பெருமையில்தான் மச்சான், பங்குத் திருவிழாவுக்கு ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் பொது அறிவுப் போட்டி வைக்கலாம் என்று இளைஞர் சபை சொன்னபோது, கேள்வி கேட்கிற மைக்கை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

போட்டி போன ஞாயிறு சாயங்காலம் நடந்தது. ராயபுரம் பக்கம் ஜானட்டும் இரண்டு பெண்களும், திருவொற்றியூர் பக்கம் ஃப்ளோரா டீச்சரும் அவருடைய பழைய மாணவிகள் இருவரும். மணியடித்து நேரம் பார்க்க நம் வேதமாணிக்கம், அவன்தான் மச்சான், முன்கயிறு கோஷ்டி வேதமாணிக்கம், என்னைப் பார்த்தாலே அவனுக்கு ஆகாது. சூரியன் உதிக்கும் நாடு, ஆயிரம் ஏரி நாடு, சாய்ந்த கோபுரம் என்று புத்தகத்தில் இருந்த கேள்விகள் போனவரைக்கும் ஒரு வம்பும் இல்லை. இரண்டு பக்கமும் சமமாக வந்து நின்றது. கடைசிச் சுற்றில் பக்கத்துக்கு ஒரு கேள்வி, முதலில் திருவொற்றியூருக்கு. "கடலே இல்லாத நாடு ஒன்றின் பெயர் சொல்லவும்." நான் மனசில் வைத்திருந்தது நேபாளம். டீச்சர் நேபாளம் என்று சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா? எழுந்து நின்று, கண்ணாடியைச் சரிசெய்து, மங்கோலியா என்றார். நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் தப்பு என்றேன். இரண்டாயிரத்து ஒன்பதில் துருப்பிடித்த ஒரு சரக்குக் கப்பல் வந்ததே, அதன் பின்பக்கத்தில் வெள்ளை எழுத்தில் உலான்பாட்டர் என்று இருந்ததே, அது எந்த ஊர் என்று உன்னிடம் நான் போனில் கேட்டேனே, "மங்கோலியா தலைநகரம் மாமா, நானே அந்த ஹார்பர்ல எறங்கி எறா தொக்கு துன்னுட்டு வந்துகீறேன்" என்று நீ சொன்னாயே. அந்த நம்பிக்கையில் சொன்னேன்.

டீச்சர் மரியாதையாகத்தான் கேட்டார். "சம்மந்தி, மங்கோலியாவுக்கு ஏதுங்க கடலு? ஒரு பக்கம் ரஷ்யா கீது, மத்த பக்கம்லாம் சைனா கீது. பூந்து வர்றதுக்கு ஒரு சந்து கூட கெடயாது." அத்தோடு நான் விட்டிருக்கலாம். கையில் மைக் இருந்ததே. "டீச்சர், நீங்க மேப்ப பாத்துகினு பேசறீங்க, நான் மங்கோலியா கப்பல கயிறு போட்டுக் கட்டுனவன்" என்றேன். நானூறு பேர் கைதட்டினார்கள், பின்னால் யாரோ விசிலடித்தான். வேதமாணிக்கம் மட்டும் எழுந்து, "அந்தக் கப்பல முன்னாடி கட்டுனது நானு. அதுல உலான்பாட்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றான். முன்பக்கத்தில் ஊர் எழுதமாட்டார்கள் என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. டீச்சர் உட்கார்ந்துவிட்டார். அடுத்த கேள்விக்கு ஜானட் சரியாகப் பதில் சொன்னாள், முதல் பரிசான ஐந்து லிட்டர் குக்கர் ராயபுரத்துக்கு வந்தது. இப்போது அந்தக் குக்கர் நம் வீட்டு அலமாரியில் உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது. எல்சி விவரம் புரியாமல் அதையே சீர் வரிசையில் வைத்து அனுப்பிவிடலாம் என்றாள். டீச்சரிடமிருந்து பிடுங்கிய குக்கரில் டீச்சருக்கே சோறு வடிக்கச் சொல்வதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜானட் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். மங்கோலியாவுக்குக் கடல் இல்லையாம் மச்சான். ஒரு சொட்டு இல்லையாம். அப்படியானால் நான் கட்டிய கப்பல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கப்பலின் பின்பக்கம் எழுதியிருப்பது பதிவு செய்த ஊராம், முதலாளி ஒரு தேசம், மாலுமி ஒரு தேசம், பெயர் மட்டும் இன்னொரு தேசத்தில் இரவலாம். மொன்ரோவியா என்று எழுதிய கப்பலில் பாதி மொன்ரோவியாவை எட்டிக்கூடப் பார்த்திருக்காதாம். மஜூரோ என்பது கடலுக்கு நடுவில் ஒரு மெல்லிய மணல் கோடாம், பல இடங்களில் நம் எண்ணூர் நெடுஞ்சாலை அகலம்கூட இல்லையாம். "அப்பா, ஆட்டோ பின்னால தாஜ்மகால்னு எழுதிகினா, ஆட்டோ ஆக்ராலேர்ந்தா வந்துச்சி?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். எல்சி அடுப்படியிலிருந்து, "ஊர்ல வேற ஆளே கெடைக்கலியா? ஒனக்கு இன்னாயா தெரியும்னு அந்த மைக்க புட்ச்ச?" என்றாள்.

உன்னிடம் மறைப்பானேன், அந்தக் கேள்வி எனக்கு உறைத்துவிட்டது. நான் பாஸ்போர்ட் எடுத்தவன் இல்லை. ரயிலேறி வேளாங்கண்ணி போனதுதான் என் வெளிநாட்டுப் பயணம். உலகம் தானாக வந்து எனக்கு முதுகைக் காட்டி நின்றது, முதுகில் எழுதியிருந்ததைப் படித்தேன், படித்ததை எல்லாம் நம்பினேன். இப்போது எது நிஜம், எது பெயிண்ட் என்று தெரியவில்லை. மொன்ரோவியா சலூனைத் தாண்டிப் போகவே வெட்கமாக இருக்கிறது. நேற்று கௌசர் பாய், "இன்னா நைனா, ஷேவிங் வேணாவா?" என்று கூப்பிட்டார், காது கேளாதவன் போல வந்துவிட்டேன். நான்கு நாள் தாடியோடு இருக்கிறேன்.

அதற்குமேல் திங்கட்கிழமையிலிருந்து டீச்சர் போனை எடுக்கவில்லை. செவ்வாயன்று மாப்பிள்ளைக்குப் போட்டேன். "அம்மா படிச்சிக்கினு கீறாங்க மாமா" என்றார். ரிட்டயர் ஆன டீச்சர் என்ன படிக்கிறார்? புதனன்று மறுபடி போட்டேன். "அம்மா உங்க ராயபுரம் ஃபாதருக்கு லெட்டர் எழுதிக்கினு கீறாங்க" என்றார். நீயே சொல் மச்சான். ஓலைக்கு நடுவில் சம்மந்தியம்மாள் பங்குச் சாமியாருக்கு எழுதும் கடிதம் வேறு என்னவாக இருக்கும்? பெண்ணைப் பெற்றவன் பொய்யன், சொந்த மகளை ஜெயிக்கவைக்க உலக வரைபடத்தையே மாற்றியவன், இந்த இடத்தில் சம்பந்தம் வேண்டாம் என்பதைத் தவிர? ஜானட்டிடம் இதைச் சொல்லவில்லை. அவள் கல்யாணப் புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு வண்ணாரப்பேட்டைக்கும் வீட்டுக்குமாக ஆட்டோவில் பறந்துகொண்டிருக்கிறாள். என்னால் அவள் தலைகுனிந்து நிற்க நேர்ந்தால் நான் உயிரோடு இருந்து பயனில்லை.

ஆகவே உன் சான்று ஒன்றே வழி. மங்கோலியாவில் பெரிய கடல் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு கழிமுகம் போதும். நம் எண்ணூர் முகத்துவாரம் அளவுக்கு, நெட்டுக்குப்பத்து மீன்படகு நாலு நுழைகிற அளவுக்கு இருந்தால்கூட நான் சமாளித்துக்கொள்வேன். அதுவும் இல்லையென்றால், அந்த இறால் தொக்கை நீ எந்த ஊரில் சாப்பிட்டாய் என்பதையாவது உண்மையாக எழுது. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அந்தத் தொக்கை நம்பித்தான் நான் மைக்கில் பேசினேன் என்பதை மட்டும் நினைவில் வை.

கல்யாணம் நடந்தால் பதினைந்து நாள் முன்னதாகவே குடும்பத்தோடு வந்துவிடவும். உன் கப்பல் கட்டும் கயிறெல்லாம் அறுந்துபோகாமலும், உன் பிள்ளைகள் என்னைப்போல் பேசாமலும் புனித ராயப்பர் பார்த்துக்கொள்வாராக. உன் மாமியாருக்கு என் தோத்திரம் சொல்லவும்.

இப்படிக்கு,
சாட்சியை எதிர்பார்த்திருக்கும்
உன் மாமா சவரிநாதன்

பி.கு.: வியாழன் சாயங்காலம். கவரை ஒட்டுவதற்கு முன் மனசு கேட்கவில்லை. பொய்ச் சாட்சி வாங்கி மகளுக்குக் கல்யாணம் பண்ணுவதா என்று தோன்றிவிட்டது. பஸ் பிடித்துத் திருவொற்றியூர் போய், குக்கரை டீச்சர் வீட்டு மேஜைமேல் வைத்து, "டீச்சர், என்ன மன்னிச்சுடுங்க. மங்கோலியாவுக்குக் கடல் இல்ல" என்றேன். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு நாளாக அவர் படித்ததே மங்கோலியாவைத்தானாம். கடல் இல்லாத அந்த தேசம் கப்பல் பதிவு செய்கிறதாம், பின்பக்கத்தில் உலான்பாட்டர் என்றுதான் எழுதுவார்களாம். "முப்பத்தொரு வருசமா புள்ளிங்களுக்கு மேப்பு காட்டிகினு இருந்தேன் சம்மந்தி. ஹார்பர் ரோட்டுல தெனம் பஸ்ல போவேன், ஒரு கப்பல கிட்ட நின்னு பாத்தது கெடயாது. நாலு பேர் எதிர்ல உங்கள எதிர்த்துப் பேசிட்டேன். நீங்க சொன்னதுதான் கரெக்டுன்னு ஃபாதருக்கு எழுதிகினு கீறேன், சண்டே ஓலைக்கு அப்பால படிக்கச் சொல்லி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கப்பல் இருக்கலாம், கடல் இல்லையே டீச்சர், நீங்கள் சொன்னதுதானே சரி என்றேன். அவர் விடவில்லை. பெண் வீட்டுக்காரன் நான்தான் பணியவேண்டும் என்று நானும் விடவில்லை. குக்கரை நான் அவர் பக்கம் தள்ள, அவர் என் பக்கம் தள்ள, மாப்பிள்ளை நடுவில் நின்று முழித்தார். கடைசியில் டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது மச்சான். "இன்னொரு தபா மங்கோலியாவுக்குக் கடல் இல்லன்னு சொன்னீங்க, மூணாவது ஓலைல நானே எழுந்து நின்னுடுவேன், ஆமா" என்றார். குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆகவே மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, டீச்சர் சொன்னதே சரி, மங்கோலியாவுக்குக் கடல் இல்லை என்று நீ சான்று எழுதி அனுப்பவேண்டும். வேண்டாம், இரண்டும் எழுதி அனுப்பு. கல்யாணம் முடியும்வரை கடல் இருக்கட்டும்.